பாயின்ட் பார்த்துக் கார்டு வாங்காதீர்கள்

“எப்படியும் செலவு பண்ணத்தான் போறீங்க. அதைக் கார்டுல பண்ணுங்க. டியூ தேதிக்குள்ள முழுசாக் கட்டிடுங்க. பாயின்ட் சும்மா வருது.” கடந்த சில ஆண்டுகளில் மாதச் சம்பளக்காரர்களிடையே இவ்வளவு வேகமாகப் பரவிய பண அறிவுரை வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்கிறார். யூடியூபில் தமிழில் பேசும் நிதி ஆலோசகர்கள் சொல்கிறார்கள். அவர்களில் பலருக்கு, தாங்கள் கொடுக்கும் இணைப்பின் வழியே விற்கும் ஒவ்வொரு கார்டுக்கும் கமிஷன் உண்டு. கார்டு தேவையா என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது போலவும், எந்தக் கார்டில் ரிவார்டு அதிகம் என்பது மட்டுமே இனி தெரிய வேண்டியது போலவும் பேச்சு நடக்கிறது. 2024இல் நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. அந்தப் பத்துக் கோடியில் கணிசமானவை இந்த ஒரு வாதத்தை நம்பி வாங்கப்பட்டவை என்பது என் கணிப்பு.

இந்த அறிவுரை தவறு. கார்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கார்டுக்கு உண்மையான பயன்கள் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன். ரிவார்டை அளவுகோலாக வைத்துக் கார்டைத் தேர்ந்தெடுப்பதைத்தான் தவறு என்கிறேன். அது கணக்கிலும் தவறு, நியாயத்திலும் தவறு.

கணக்கிலிருந்து தொடங்குவோம். எதிர்வாதத்தின் மிக வலுவான வடிவத்தையே எடுத்துக்கொள்வோம்: ஒழுங்கானவர், ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்காதவர், முழுத் தொகையையும் நாள் தவறாமல் கட்டுபவர். சென்னையிலோ கோவையிலோ வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம். மாதச் செலவு 60,000 ரூபாய். அதில் வாடகை 18,000. ஒரு காலத்தில் வாடகையைக் கார்டில் கட்டிப் பாயின்ட் சேர்த்தார்கள். 2022 அக்டோபரில் ஐசிஐசிஐ வங்கி வாடகைப் பரிவர்த்தனைக்கு 1 சதவிகிதக் கட்டணம் வைத்தது. மற்ற வங்கிகளும் ஒவ்வொன்றாகக் கட்டணம் வைத்தன, பாயின்ட்டையும் நிறுத்தின. பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 8,000. கார்டில் கட்டினால் பல பள்ளிகளில் தனியாக ஒரு தொகை சேரும். வண்டிக் கடன் இஎம்ஐ 7,000, அதைக் கார்டில் கட்ட முடியாது. பெட்ரோல் 4,000, பெரும்பாலான கார்டுகளில் அதற்குப் பாயின்ட் கிடையாது. சர்சார்ஜ் தள்ளுபடி என்று ஒன்று தருகிறார்கள். அதிலும் சர்சார்ஜ்மீது விழுந்த ஜிஎஸ்டி திரும்பி வருவதில்லை. காய்கறி, பால், அண்ணாச்சி கடை, ஆட்டோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம், மொய் எல்லாம் சேர்ந்து 9,000. இது யுபிஐ, இல்லையென்றால் ரொக்கம். மின்கட்டணம், காப்பீடு 2,000. இதற்குப் பாயின்ட் குறைவு அல்லது உச்சவரம்பு உண்டு. மொத்தம் 48,000 போய்விட்டது. பாயின்ட் தரும் செலவாக மிஞ்சுவது 12,000 ரூபாய்.

ஆண்டுக்கு 1,44,000. சாதாரணக் கார்டுகளில் பாயின்ட்டைக் காசாக மாற்றிப் பார்த்தால் செலவில் கால் சதவிகிதமும் அரைச் சதவிகிதமும்தான் தேறும். தாராளமாக 1 சதவிகிதம் என்றே வைப்போம்: 1,440 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 499, ஜிஎஸ்டி சேர்த்து 589. பாயின்ட்டை மாற்றும்போது பல வங்கிகள் வாங்கும் 99 ரூபாயும் அதன் வரியுமாக 117. கழித்தால் மிச்சம் 734 ரூபாய். மாதத்துக்கு 61. ஆண்டுக் கட்டணமே இல்லாத, மாற்றும் கட்டணமும் இல்லாத கார்டு என்றால் மாதம் 120.

இந்த 61 ரூபாய்க்காகத்தான் நாம் ஐந்து கார்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறோம், எந்தக் கடையில் எதைத் தேய்ப்பது என்று நினைவில் வைத்துக்கொள்கிறோம், பாயின்ட் காலாவதியாகும் தேதியைக் குறித்துவைக்கிறோம். கார்டு கையில் இருப்பதால் மாதம் 61 ரூபாய்க்கு மேல் கூடுதலாக ஒரு பொருள் வாங்கிவிட்டால் அந்த ஆண்டின் லாபம் முழுவதும் போயிற்று. 12,000 ரூபாயில் 61 என்பது அரைச் சதவிகிதம். கார்டில் செலவழிக்கும்போது ரொக்கத்தில் செலவழிப்பதைவிட அரைச் சதவிகிதம்கூட அதிகமாகச் செலவழிக்க மாட்டேன் என்று சொல்லக்கூடிய மனிதர் எத்தனை பேர்?

இது வெறும் ஐயம் அல்ல. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் எல்லோரும் அறிந்தது. மேலாண்மை மாணவர்களிடம் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். ஒரு பகுதியினரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றார்கள், மறுபகுதியினரிடம் கார்டில் கட்டலாம் என்றார்கள். கூடைப்பந்து டிக்கெட்டுக்குக் கார்டுக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர், மேலாண்மை படிப்பவர்கள். கையிலிருந்து நோட்டு போகும்போது வரும் வலி கார்டைத் தேய்க்கும்போது வருவதில்லை. அது மனித மனத்தின் அமைப்பு. பாயின்ட் அந்த வலியின் மிச்சத்தையும் அகற்றிவிடுகிறது. செலவழிக்கும்போதே சம்பாதிப்பது போன்ற உணர்வைத் தருகிறது.

வங்கிகளுக்கு இது தெரியும் என்பதற்கு ரிவார்டு திட்டங்களின் அமைப்பே சாட்சி. ஆண்டுக்கு இவ்வளவு செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி, காலாண்டுக்கு இவ்வளவு செலவழித்தால் வவுச்சர், இவ்வளவைத் தாண்டினால் போனஸ் பாயின்ட். எல்லாப் படிகளும் ஒரே திசையில்தான் ஏறுகின்றன. குறைவாகச் செலவழித்ததற்காகப் பாயின்ட் தரும் கார்டு ஒன்றை யாராவது பார்த்ததுண்டா? மார்ச் மாதக் கடைசி வாரத்தில் “இன்னும் எட்டாயிரம் தேய்ச்சா ஆனுவல் ஃபீ போயிடும்” என்று ஒரு குடும்பம் மிக்சி வாங்கக் கிளம்புகிறது. 500 ரூபாய்க் கட்டணத்தைத் தவிர்க்க 8,000 ரூபாய்ப் பொருள். வீட்டில் ஏற்கெனவே ஒரு மிக்சி ஓடிக்கொண்டிருக்கிறது.

விமான நிலைய லவுஞ்ச் இதற்கு இன்னும் தெளிவான உதாரணம். சில ஆண்டுகளுக்கு முன்வரை கார்டைக் காட்டினாலே உள்ளே விட்டார்கள். கூட்டம் சேர்ந்தது, வங்கிகளுக்குச் செலவு கூடியது. 2023 டிசம்பர் முதல் எச்டிஎஃப்சி வங்கி தன் ரெகாலியா கார்டுக்குக் காலாண்டில் 1 லட்ச ரூபாய்ச் செலவு என்று நிபந்தனை வைத்தது. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரல் முதல் பல கார்டுகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய்ச் செலவைக் கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் அது 75,000 ஆயிற்று. ஒரு தட்டு இட்லிக்கும் சாய்ந்து உட்கார ஒரு சோபாவுக்கும் மூன்று மாதத்தில் முக்கால் லட்சம். ஆண்டுக்கு ஒருமுறை விமானம் ஏறும் குடும்பம் லவுஞ்சைச் சொல்லிக் கார்டு தேர்ந்தெடுப்பதில் எந்த அர்த்தமும் இல்லை.

இதுவே என் அடுத்த மறுப்புக்கும் அடிப்படை. “நல்ல ரிவார்டு திட்டம்” என்பது நீங்கள் கார்டு வாங்கும் நாளின் நிலவரம் மட்டுமே. பாயின்ட் என்பது வங்கி தானே அச்சிட்டு, தானே மதிப்பு வைத்து, தான் விரும்பும்போது மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் நாணயம். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு ஒரு காலத்தில் ரிவார்டு ஆர்வலர்களின் செல்லப்பிள்ளை. மாதம் 1 லட்சம் செலவழித்தால் 25,000 போனஸ் பாயின்ட், 5 பாயின்ட்டுக்கு 4 விமான மைல். அதை நம்பிப் பலர் 10,000 ரூபாய் ஆண்டுக் கட்டணம் கட்டினார்கள். மாதம் ஒரு லட்சத்தை எட்டுவதற்காகச் செலவுகளைத் திட்டமிட்டார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் மாதாந்திர போனஸ் நிறுத்தப்பட்டது. 5 பாயின்ட்டுக்கு 2 மைல் என்றானது. ஆண்டுக் கட்டணம் 12,500 ஆக உயர்ந்தது. சேர்த்து வைத்திருந்தவர்களின் பாயின்ட் மதிப்பு மைல் கணக்கில் பாதியாயிற்று. இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. ஒப்பந்தத்திலேயே வங்கிக்கு அந்த உரிமை இருக்கிறது, எல்லா வங்கிகளுக்கும் இருக்கிறது. நம் தரப்பில் இருப்பது, பிடிக்காவிட்டால் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மட்டும். இப்படிப்பட்ட ஒன்றைப் பொருள் வாங்குவதற்கான காரணமாக வைத்துக்கொள்ளலாமா?

இதுவரை சொன்னது தவறாமல் கட்டுபவரைப் பற்றி. இனி ஒரு மாதம் தவறியவரைப் பற்றி.

தமிழ்நாட்டில் வட்டியை நாம் சதவிகிதத்தில் பேசுவதில்லை. மூணு வட்டி, அஞ்சு வட்டி என்கிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஐந்து ரூபாய். மூணு வட்டிக்கு வாங்குகிறவரைப் பார்த்து உறவினர்கள் கவலைப்படுவார்கள். நம் கிரெடிட் கார்டுகளில் பரவலாக இருக்கும் வட்டி மாதம் 3.5 முதல் 3.75 சதவிகிதம். அதாவது மூன்றரை வட்டிக்கு மேல். அந்த வட்டிமீது 18 சதவிகித ஜிஎஸ்டி. சேர்த்தால் நூற்றுக்கு நாலு ரூபாய் பதின்மூன்று காசில் தொடங்குகிறது. நாலு வட்டி. இதை எந்த விளம்பரமும் இந்த மொழியில் சொல்வதில்லை. கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. ஆனால் தங்க நிறத்தில் பெயர் பொறித்த அட்டையில் வரும்போது அதே நாலு வட்டி நமக்கு உறுத்துவதில்லை.

ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆகவே 30 சதவிகிதம் என்ற அந்த வரம்பு இன்று இல்லை. கார்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கே வருவோம். 12,000 ரூபாய் பில். சம்பளம் தாமதமானது, ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, அல்லது வெறுமனே மறந்துபோனது. ஒரு வாரம் கழித்துக் கட்டுகிறார்கள். வட்டி டியூ தேதியிலிருந்து ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முழுத் தொகை கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் ரத்தாகி, ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். சராசரியாக 40 நாள் என்று வைத்தால் சுமார் 552 ரூபாய், ஜிஎஸ்டியோடு 651. தாமதக் கட்டணம் குறைத்து மதிப்பிட்டு 750, வரியோடு 885. மொத்தம் 1,536 ரூபாய். மேலே கண்ட ரிவார்டு லாபம் ஆண்டுக்கு 734. இரண்டு ஆண்டு ஒழுங்காக இருந்து சேர்த்ததைவிட ஒரே ஒரு வாரத் தாமதம் அதிகமாகத் தின்றுவிட்டது.

மினிமம் டியூ மட்டும் கட்டுகிறவர் நிலை இதைவிட மோசம். 50,000 ரூபாய் பாக்கி, மினிமம் டியூ 5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். 2,500 கட்டுகிறார். அந்த மாத வட்டி 1,750, அதன் ஜிஎஸ்டி 315. கட்டிய 2,500இல் 2,065 வட்டிக்கும் வரிக்கும் போய், அசலில் குறைவது 435 ரூபாய். இனி அந்தக் கார்டில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இதே வீதத்தில் கட்டிவந்தாலும் பாக்கி பாதியாக ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்ட்டில் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட கார்டு நெறிமுறைகளில் உத்தரவே இருக்கிறது. சின்ன எழுத்தில் அது இருக்கும். பெரிய எழுத்தில் பாயின்ட் இருக்கும்.

இந்தச் சுழலில் சிக்கியவர்கள் நம் ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியும். “கார்டு தேய்ச்சுப் பணம் எடுத்துத் தர்றோம்” என்று சொல்லும் கடைகள் உண்டு. பொருள் எதுவும் விற்காமலேயே மெஷினில் தேய்த்து, இரண்டோ மூன்றோ சதவிகிதம் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தருவார்கள். அந்தப் பணத்தில் இன்னொரு கார்டின் பாக்கி அடையும். அடுத்த மாதம் அது இதற்கு. ரொட்டேஷன் என்று பெயர். இது விதிமீறல் என்று தெரிந்தே செய்கிறார்கள், வேறு வழி இல்லாமல். அவர்களும் முதல் கார்டை வாங்கியது கடனுக்காக அல்ல. பாயின்ட் வருகிறது, கேஷ்பேக் வருகிறது, முழுசாகக் கட்டிவிடலாம் என்றுதான்.

“அது அவங்க தப்பு, நான் ஒழுங்காத்தானே கட்டுறேன்” என்பவருக்கு ஒரு கேள்வி. உங்களுக்கு வரும் பாயின்ட்டின் பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் வட்டி கட்டவில்லை. ஆண்டுக் கட்டணமும் தள்ளுபடி. வங்கி தன் கைப்பணத்தைத் தரும் என்று நீங்களே நம்ப மாட்டீர்கள்.

இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, மேலே சொன்ன நாலு வட்டிக்காரரிடமிருந்து. அமெரிக்காவில் சுமித் அகர்வால், ஆண்ட்ரியா பிரெஸ்பிடெரோ, ஆண்ட்ரே சில்வா, கார்லோ விக்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் ரிவார்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்றே ஆராய்ந்தார்கள். அந்த நாட்டில் ரிவார்டு கார்டுகள் வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் படிப்புக் குறைந்தவர்களிடமிருந்து படித்தவர்களுக்கும், ஏழ்மையான பகுதிகளிலிருந்து வசதியான பகுதிகளுக்கும் நகர்கிறது என்பது அவர்கள் கண்டது. கார்டைக் கையாளத் தெரிந்தவரின் பாயின்ட், கையாளத் தெரியாதவரின் வட்டி. அமெரிக்க எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் பணம் ஓடும் குழாய் இங்கும் அதுதான்.

இரண்டாவது இடம் கடைக்காரர். ஒவ்வொரு முறை கார்டு தேய்க்கும்போதும் கடைக்காரருக்கு முழுப் பணமும் போவதில்லை. எம்டிஆர் என்ற பெயரில் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை சதவிகிதம் பிடித்துக்கொள்கிறார்கள், அதன்மேல் ஜிஎஸ்டி. டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி முதல் உச்சவரம்பு வைத்தது. யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் இந்தக் கட்டணமே இல்லை. கிரெடிட் கார்டுக்கு மட்டும் அப்படி வரம்பு இல்லை. பிடிக்கும் பணத்தில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு துளி உங்களுக்குப் பாயின்ட்டாக வருகிறது. சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பாகம் வாங்கும்போது “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும் சார்” என்று கேட்பது இதனால்தான். அப்படி வெளிப்படையாகக் கேட்காத கடையில் அந்த இரண்டு சதவிகிதம் எல்லோருக்குமான விலைக்குள் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ரொக்கம் கொடுத்து வாங்குகிறவரும் அதைச் சேர்த்தே கொடுக்கிறார். 2017 ஜனவரியில் வங்கிகள் பெட்ரோல் பங்குகள்மீது 1 சதவிகிதம் விதிக்கப்போவதாகச் சொன்னபோது, கார்டே வாங்க மாட்டோம் என்று பங்க் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். அரசு தலையிட்டுத்தான் அது ஓய்ந்தது. லிட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கமிஷனில் பிழைப்பவர்களுக்கு ஒரு சதவிகிதம் என்பது என்னவென்று தெரியும்.

ரிவார்டு கடைக்காரரின் பணம்தான் என்பதற்கு வெளிநாட்டில் நேரடிச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கி 2003இல் கடைக்காரர் தரப்பிலிருந்து கார்டு வங்கிக்குப் போகும் கட்டணத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. அங்கே பாயின்ட்டின் மதிப்பும் கூடவே இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கிரெடிட் கார்டுக்கு அந்தக் கட்டணத்தை 0.3 சதவிகிதமாக்கியது. இன்று அமெரிக்காவோடு ஒப்பிட்டால் ஐரோப்பியக் கார்டுகளில் ரிவார்டு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊற்று அடைபட்டது, ஓடை வற்றியது. அமெரிக்காவில் பாஸ்டன் மத்திய வங்கிக் கிளையின் பொருளியலாளர்கள் 2010இல் போட்ட கணக்குப்படி, ரொக்கத்தில் வாங்கும் ஒரு குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை இழக்கிறது. கார்டில் வாங்கும் குடும்பம் 1,133 டாலரைப் பெறுகிறது.

நம் நாட்டில் யுபிஐ இலவசமாக இருப்பதால் அண்ணாச்சி கடை இதிலிருந்து தப்பியிருக்கிறது. இது பெரிய விஷயம், இதை நாம் காப்பாற்ற வேண்டும். ஆனால் 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்துக் கியூஆர் குறியீட்டில் செலுத்தலாம் என்று வந்துவிட்டது. சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் உண்டு. “யுபிஐயிலும் இனி பாயின்ட்” என்ற விளம்பரத்தின் மறுபக்கம், நூற்றுக்கு எட்டோ பத்தோ லாபம் பார்க்கும் மளிகைக்காரரின் கல்லாவிலும் இனி கட்டணம் பிடிக்கப்படும் என்பதுதான். கார்டு வாங்கினால் வியாபாரம் கூடும், சில்லறைத் தொல்லை இல்லை, அதனால் கடைக்காரருக்கும் லாபம்தான் என்று சொல்வார்கள். பெரிய ஜவுளிக் கடைக்கும் நகைக் கடைக்கும் அது உண்மை. அரிசியும் பருப்பும் விற்கிறவரிடம் கார்டு வந்ததால் யாரும் இரண்டு கிலோ அதிகமாகச் சாப்பிடுவதில்லை.

இன்னும் சில பதில்கள் வரும். சிபில் ஸ்கோர் உயரும் என்பார்கள். உயரும். அதற்கு ஒரு சாதாரணக் கார்டும் நாள் தவறாத கட்டணமும் போதும். ஸ்கோர் பாயின்ட்டைப் பார்ப்பதில்லை. பண்டிகைக் கால 10 சதவிகிதத் தள்ளுபடி உண்மையான லாபம் அல்லவா என்பார்கள். வாஷிங் மெஷின் வாங்குவதென்று ஆறு மாதமாகவே முடிவு செய்திருந்தால் உண்மையான லாபம்தான், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை நோ காஸ்ட் இஎம்ஐயாக மாற்றும்போது மட்டும் பிராசஸிங் ஃபீயையும் வட்டிமீதான ஜிஎஸ்டியையும் பாருங்கள். சுழிய வட்டிக் கடன் என்று ஒன்று கிடையாது, வட்டி எங்கேயோ மறைந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்குச் சொன்னது. ஏழெட்டுக் கார்டு வைத்து, மைல் சேர்த்து, ஐரோப்பா போய்வந்தவர்களைக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மாதம் லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள், விதி மாற்றங்களை வாரம்தோறும் படிப்பவர்கள். அவர்களுக்குக் கணக்கு ஒத்துவரலாம். மாதம் 60,000 செலவழிக்கும் குடும்பத்துக்கு அவர்களின் உத்தியைப் பொது அறிவுரையாகச் சொல்வதுதான் பிழை.

அப்படியானால் கார்டு எதற்கு? அவசரத்துக்கு உதவும். ஆஸ்பத்திரி முன்பணம், கடைசி நேர ரயில் டிக்கெட். இணையத்தில் வாங்கிய பொருள் வராவிட்டால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். திருடர் தேய்த்தாலும் அது உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து உடனே போவதில்லை. இவை உண்மையான பயன்கள். இவற்றில் எதற்கும் ரிவார்டு திட்டம் தேவையில்லை. ஆண்டுக் கட்டணம் எப்போதும் இல்லாத ஒரே ஒரு கார்டு போதும்.

ஒழுங்காக இருக்கும் மாதத்தில் என்ன கிடைக்கும் என்பதைப் பார்க்காமல், தவறிப்போகும் மாதத்தில் எவ்வளவு போகும் என்பதைப் பார்த்துக் கார்டை எடை போடுங்கள். வட்டி விகிதம், தாமதக் கட்டணம், ரொக்கம் எடுத்தால் பிடிக்கும் தொகை, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான கூடுதல். வங்கி மூன்று லட்சம் லிமிட் தந்தால் ஐம்பதாயிரமாகக் குறைக்கச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. பில் தேதியைச் சம்பளத் தேதிக்கு ஒத்ததாக மாற்றிக்கொள்ள 2022 நெறிமுறைகளில் இடம் இருக்கிறது. ஆட்டோ டெபிட் போடும்போது மினிமம் டியூவைத் தேர்ந்தெடுக்காமல் மொத்தத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். படிவத்தின் அந்த ஒரு கட்டம்தான் கார்டு தொடர்பாக நீங்கள் எடுக்கும் மிகப் பெரிய முடிவு.

பாயின்ட்டுக்காக வாங்கிய மற்ற கார்டுகளை மூடுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி நீங்கள் கேட்டால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். மூடாவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. “கூட அஞ்சாயிரம் பாயின்ட் தர்றோம், மூடாதீங்க” என்று தொலைபேசியில் பேசுவார்கள். மூடச் சொன்னதை மின்னஞ்சலில் அனுப்பி, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கார்டு தருவதாக அழைப்பு வந்தால், விண்ணப்பத்தோடு வட்டியையும் கட்டணங்களையும் ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டிய கடமை வங்கிக்கு இருப்பதை நினைவுபடுத்துங்கள். அந்த ஒரு பக்கத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்து, நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள்.